பழைய காருக்கு எந்தப் பெட்ரோல்: இ20-ஆ, எத்தனால் கலக்காததா?

(திரையில்: பானெட் திறந்த பிரீமியர் பத்மினி)

வணக்கம். அம்பாசடர், பத்மினி, நம்ம சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று ஏதாவது ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வண்டியை இன்னும் ஆசையாக வைத்திருக்கிறீர்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான். பங்க்கில் சாதாரண பெட்ரோல் போடச் சொன்னால் இன்றைக்கு வருவது இ20, அதாவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். அது வேண்டாம் என்றால் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 மாதிரி ஒன்றைத் தேடிப் போகணும், எல்லா பங்க்கிலும் கிடைக்காது, விலையும் ரொம்ப அதிகம்.

அவ்வளவு கொடுத்துப் போடணுமா? வண்டி எத்தனை நாள் ஓடாமல் நிற்கிறது என்று பார்த்துத்தான் நான் முடிவு சொல்வேன்.

ஓடுகிற வண்டிக்கு இ20-ஆல் வருகிற தொல்லை சமாளிக்கக்கூடியதுதான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். புது வண்டியில் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக் கொடுத்துவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற ஜெட் ஓட்டை அதே அளவுதானே, அதனால் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு எரிபொருள் பத்தாமல், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், பிக்கப்பில் திணறும். நல்ல மெக்கானிக் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கி இதைச் சரிசெய்துவிடுவார். மைலேஜ் கொஞ்சம் குறையும். 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே பழைய கார்களுக்கு 6–7 சதவீதம் என்றது.

நிற்கிற வண்டி கதை வேறு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும், துரு பிடிப்பதும் அங்கேதான், இன்ஜினுக்குப் போகிற குழாய் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான்.

(திரையில்: பழைய ஹோஸ், அருகில்)

இந்த ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளியே நல்லாத்தான் இருக்கு, உள்பக்கம் ஊறி, பிசுபிசுத்து, விரலில் கறுப்பு ஒட்டுது. சூடான இன்ஜின் மேல் இது கசிந்தால் தீப்பிடிக்கும். அதனால் எந்தப் பெட்ரோல் போட்டாலும் ஹோஸ், ஓ-ரிங், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியே ஆகணும், விட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

அதைச் செய்துவிட்டு வாராவாரம் ஓட்டுகிறவர் தாராளமாக இ20 போடலாம். மாதக்கணக்கில் நிறுத்துகிறவர், நிறுத்துவதற்கு முன் டேங்கைக் காலிசெய்து எத்தனால் இல்லாததை நிரப்பி, அது கார்புரேட்டர்வரை போகும்படி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரு டேங்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, டேங்கைக் கழற்றித் துரு எடுக்கிற கூலியோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. எக்ஸ்பி100-இன் 100 ஆக்டேனால் (இன்ஜின் தட்டாமல் எரிகிற தரம்) இந்தப் பழைய இன்ஜினுக்குத் தனியாக லாபம் கிடையாது, எத்தனால் இல்லை என்பதற்குத்தான் பணம். பிரீமியம் என்று எழுதியதெல்லாம் எத்தனால் இல்லாததும் அல்ல.

(திரையில்: அளவுக் குடுவை)

சந்தேகமா? வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல், 10 மில்லி தண்ணீரில் 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் இல்லையென்றால் அடியில் 10 மில்லியே நிற்கும். இ20 என்றால் தண்ணீர்க் கோடு 28 பக்கம் ஏறியிருக்கும்.