எனக்கு நினைவில்லாத நாள்

(எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. தடுமாறிய இடங்களைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன், மற்றபடி பேசியபடியே.)

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் எனக்கு 25 முடிந்து 26 நடக்கிறது. தமிழில் வயதை இப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும். முடிந்ததையும் நடப்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். "இந்த வயதுப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள், எதிர்காலத்தைப் பற்றி என்ன கனவு காண்கிறார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது, வந்து பேசுங்கள்" என்று செயலாளர் ஐயா கூப்பிட்டார். இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துப் பேச என்னால் முடியாது. என் பிறந்தநாளன்று என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். அடுத்து நீங்கள் கேட்கப்போகும் கேள்வி என்னவென்றும் தெரியும். மாப்பிள்ளை பார்க்கவில்லை, வேண்டும்போது சொல்கிறேன். (சிரிப்பு)

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. இங்கே நாற்பது பேர் இருக்கிறோம். ஓர் இடத்தில் 23 பேர் கூடினாலே, அவர்களில் யாரோ இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 40 பேர் என்றால் அது 89 சதவீதம். நம்ப முடியாது, ஆனால் கணக்கு அப்படித்தான். கை தூக்குங்கள், பார்ப்போம்.

(மாதம் மாதமாகச் சொல்லி வந்ததில், மூன்றாவது வரிசை அம்மா ஒருவருக்கும் ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கும் ஒரே நாள். நல்ல கைத்தட்டல்.)

உலகம் முழுக்க ஒரு நாளைக்குச் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஆக, என் நாள் என்று நான் உரிமை கொண்டாடும் நாளில் எனக்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது. இதைச் சொல்வதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. என் வேலையே பிறந்தநாள்களோடுதான்.

நான் பச்சிளங்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பவள். பிறந்து ஒரு நாள், இரண்டு நாள் ஆன குழந்தைகள். சோதனை என்றதும் பயப்பட வேண்டாம், ஊசி கிடையாது. குழந்தை நன்றாகத் தூங்கும் நேரம் பார்த்து, பட்டாணி அளவு ரப்பர் முனையைக் காதுக்குள் மெதுவாக வைப்பேன். அதிலிருந்து 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலி போகும். நல்ல காதாக இருந்தால், கேட்பதோடு நிற்காது, உள்ளிருந்து ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். காதே ஒலி எழுப்பும் என்பதை டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி 1978-ல் கண்டுபிடித்தார். கருவி பிடிப்பது அந்த எதிரொலியைத்தான். எல்லாம் சில நிமிடம். குழந்தைக்குத் தெரியவே தெரியாது.

என் பிறந்தநாளன்று காலை, முந்தின நாள் பிறந்த ஒரு பையன். இடது காது உடனே தேறிவிட்டது. வலது காதுக்குக் கருவி 'மறுபடி பார்க்கவும்' என்றது. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும் அழுக்கும் இருக்கும், அதனாலேயே பல குழந்தைகளுக்கு முதல் தடவை இப்படி வரும். பிறவியிலேயே கேட்கும் குறை இருப்பது ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று குழந்தைகளுக்குத்தான். இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் கேட்டது போலவே தெரியவில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒத்த வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகக்கூட இருக்கலாம். மறுநாள் அதே காது பத்து விநாடியில் தேறியது. அப்போது பக்கத்தில் இருந்த பாட்டி சொன்னார்: "நேத்து பூரா இவ ஒரு பொட்டு தூங்கல. இந்தப் பயலுக்கு இது ஒண்ணாவது ஞாபகம் இருக்குமா?"

இருக்காது. எனக்கும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருப்பதாக நாம் நம்புகிற நினைவுகளில் பல, யாரோ சொல்லிக் கேட்டவை, அல்லது புகைப்படத்தில் பார்த்தவை. நானும் 25 வருஷம் வாழ்ந்துவிட்டேன் என்கிறேன், அதில் மூன்று வருஷம் என் கணக்கிலேயே இல்லை. அது வேறு ஆட்களிடம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன், "நான் பொறந்த அன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?" இதுவரை ஒருமுறைகூட உருப்படியாகக் கேட்டதில்லை. அம்மா கையில் இருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, "ஏண்டி, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது, பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் சேலை நிறம், வெளியே விடாமல் பெய்த மழை என்று ஒன்று விடவில்லை. நடுவில் அப்பா உள்ளே வந்து, "மழையா? அன்னிக்கு நல்ல வெயில். நான் வெளியே நின்னவன், எனக்குத் தெரியாதா?" என்றார். அது ஒரு தனிச் சண்டையாகப் போனது. எது உண்மை என்று நான் தேடப் போவதில்லை.

ஆனால் அம்மாவுக்கு மட்டும் இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது? நினைவைப் பற்றி ஆராய்பவர்கள் ஒன்று கவனித்திருக்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லுங்கள் என்றால், 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகம் வருமாம். முதல் வேலை, முதல் பிரிவு, முதல் குழந்தை எல்லாம் அந்த இடத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு 26. அதாவது, என் நினைவில் இருட்டாக இருக்கும் அதே நாள், அம்மாவின் நினைவில் வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் இருக்கிறது. கேட்காமலே விட்டிருந்தேன், பாருங்கள்.

இன்னொரு செய்தி. பெண் குழந்தைக்குக் கருமுட்டைகள் எல்லாம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதக் கருவிலேயே லட்சக்கணக்கில் இருக்கும், பிறகு குறையுமே தவிரப் பெரிதாகக் கூடாது. அப்படியென்றால் பாட்டியின் வயிற்றில் அம்மா இருந்தபோது, நானாகப் போகிற முட்டையும் அம்மாவுக்குள் இருந்தது. மூன்று பேரும் ஒரே உடம்புக்குள் சில மாதம் இருந்திருக்கிறோம். இதை முதன்முதலில் படித்தபோது வேலையை விட்டுவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு 25 என்றால், முட்டையாக இருந்த என் பாதிக்குக் கிட்டத்தட்ட அம்மாவின் வயது.

பாட்டிக்குத் தன் பிறந்தநாள் தெரியாது. வெள்ளம் வந்த வருஷம் என்பார். அப்பாவுக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதிதான் பிறந்த தேதி. நமக்கு இது பழைய கதை போலத் தோன்றும். பிறந்த உடனே பதிவு செய்யப்படுவதும் ஒரு பெயரைப் பெறுவதும் குழந்தையின் உரிமை என்று 1989-ல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7-வது பிரிவில் எழுதினார்கள். இன்றைக்கும் 5 வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை என்கிறது யுனிசெஃப். பிறந்தநாள் தெரிந்திருப்பதே ஒரு வசதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்பாவைப் பற்றி ஒன்றே ஒன்று. அவர் வாழ்த்துச் சொல்லும் ஆள் இல்லை. அன்று காலை நான் கிளம்பும் முன் என் ஸ்கூட்டருக்குக் காற்றடித்து, கண்ணாடியைத் துடைத்து, வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தார். அவ்வளவுதான்.

சரி, எதிர்காலம், கனவு. அதைத்தானே கேட்டீர்கள்.

17 வயதில் ஒரு நோட்டில் பச்சை மையில் '25 வயசுக்குள்' என்று தலைப்புப் போட்டு 11 வரி எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் தேடி எடுத்தேன். 'விமாணி ஆக வேண்டும்' என்று மூன்றாவது வரி, எழுத்துப்பிழையோடு. இரண்டு நடந்திருக்கிறது. நான்கு நடக்கவில்லை, இன்னும் ஆசை இருக்கிறது. மீதி ஐந்தைப் படித்தபோது வருத்தம் வரவில்லை, யாரோ வேறொரு பெண்ணின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படிப்பது போல இருந்தது. குழந்தைகளின் காதைச் சோதிப்பது என்று ஒரு வேலை உண்டு என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, பாவம்.

2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் பேசுகிறது. க்வாட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூவர், 18 முதல் 68 வயதுவரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள்: கடந்த பத்து வருஷத்தில் எவ்வளவு மாறினீர்கள், அடுத்த பத்து வருஷத்தில் எவ்வளவு மாறுவீர்கள்? எல்லா வயதினரும் சொன்ன பதில் ஒரே மாதிரி: நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாற மாட்டேன். வந்து சேர்ந்தாயிற்று என்று ஒவ்வொரு வயதிலும் நினைக்கிறோம். நானும் இந்த நிமிடம் அப்படித்தான் நினைக்கிறேன். தப்பு என்று தெரிந்துகொண்டே நினைக்கிறேன். அதனால் 35-க்கு என்று புதிதாகப் பட்டியல் போடவில்லை. அந்த 35 வயதுக்காரி யார் என்று எனக்குத் தெரியாது, அவள் சார்பில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

'25 வயதில் இவர்கள் சாதித்தது' என்று ஒரு படம் கைபேசியில் சுற்றி வருமே, அதில் ராமானுஜனும் இருப்பார். கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. அதாவது 25 முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் கடிதத்தில் தனக்குச் சுமார் 23 வயது என்று எழுதியிருக்கிறார். எண்களோடு அவ்வளவு பழகிய மனிதர், சொந்த வயதில் இரண்டைக் குறைத்துவிட்டார். அந்தப் படம் வரும்போதெல்லாம் மற்றவர்களை விட்டுவிட்டு இதை நினைத்துக்கொள்வேன், ஒரு நிம்மதி.

இப்போதைக்கு ஆசை என்று கேட்டால் இரண்டு. ஒன்று வேலை சார்ந்தது. குழந்தையின் காதை ஒரு மாதத்துக்குள் சோதிக்க வேண்டும், குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையோ காது கேட்கும் கருவியோ தொடங்க வேண்டும். தாமதித்தால் பேச்சு தாமதிக்கும். என் கையில் இருக்கும் சோதனைக் கருவி ஒரு பைக்குள் அடங்கும். ஆனால் அது போய்ச் சேராத இடங்கள் ஏராளம். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதற்கு யாரிடம் அனுமதி, யாரிடம் பணம் என்று தேட ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் விடை இல்லை.

இரண்டாவது, வீட்டில் எல்லோருடைய குரலையும் பதிவு செய்வது. உட்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கும். ரத்தச் சிவப்பணு 120 நாளில் மாறிவிடும், இவை மாறாது, போனால் திரும்ப வளராது. அம்மா என்னை முதன்முதல் கூப்பிட்டதைக் கேட்ட அதே செல்கள்தான் இன்றைக்கு உங்கள் கைத்தட்டலையும் கேட்டன. பாட்டிக்கு அவை பெரும்பாலும் போய்விட்டன. காதோரம் குனிந்து சத்தமாகக் கேட்க வேண்டும்.

அப்படித்தான் போன ஞாயிற்றுக்கிழமை கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். 11 நிமிடம் பதிவாகியிருக்கிறது. மழையா வெயிலா என்று கேட்டதற்கு, "ரெண்டும்தான்" என்றார். பிறகு சொன்னார்: "நீ அழவே இல்ல கண்ணு. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், டக்குனு திரும்பிப் பாத்த." பிறந்த அன்று குழந்தை அப்படித் தலையைத் திருப்பாது, அன்றைக்கு எனக்குப் பெயரும் வைக்கவில்லை. இதைச் சொல்லும் தகுதி இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. பதிவில் அந்த இடத்தை வெட்டவும் இல்லை.

நன்றி.