சந்தேகங்களுக்கு விளக்கம்: எங்கேயோ நடந்த ஆராய்ச்சி என் வகுப்புக்கு எதற்கு?

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு மூன்று கேள்விகளை எழுதி எடுத்து வைத்திருந்தேன். ஆனால் முதல் கேள்வியே நாலு நாளாக என்னை விடவில்லை. அதனால் மற்ற இரண்டும் அடுத்த வாரம். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "சார், எந்தப் பயிற்சிக்குப் போனாலும் ஆராய்ச்சி இப்படிச் சொல்கிறது, அப்படிச் சொல்கிறது என்கிறார்கள். எல்லாம் எங்கேயோ வெளிநாட்டில் செய்தது. எனக்கு 3, 4, 5 மூன்று வகுப்பும் ஒரே அறையில். மழை பிடித்தால் பாதிப் பிள்ளைகள் வராது. அந்த ஆராய்ச்சி எனக்கு எப்படி உதவும்? இதில் நம்மையும் செயலாய்வு செய்யச் சொல்கிறார்கள். நான் பாடம் நடத்தவா, ஆராய்ச்சி செய்யவா?"

செயலாய்வு என்றால், ஆசிரியர் தன் வகுப்பைத் தானே ஆராய்ந்து பார்ப்பது. டீச்சர், உங்கள் கேள்வியில் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. ஏனென்றால் பயிற்சியில் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்களுக்கு இந்தக் கோபம் வராது.

சரி, ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியையே எடுத்துக்கொள்வோம். பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு கடற்கரை நகரம். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற பிள்ளைகள் உண்டு. தெரெசின்ஹா நூனெஸும் அவரோடு இரண்டு ஆய்வாளர்களும் அந்தப் பிள்ளைகளிடம் வாங்க வந்தவர்கள் போலப் போய் நின்று கணக்குக் கேட்டார்கள். 1985-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். தேங்காய் ஒன்று 35 குருசேரோ, அது அன்றைக்கு அவர்கள் ஊர்ப் பணம். "நாலு தேங்காய் எவ்வளவு?" என்று கேட்டார்கள். மூன்று தேங்காய்க்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் 5 சேர்த்தால் 140. வாயாலேயே சொல்லிவிட்டான். பிறகு அதே பையனிடம் காகிதத்தைக் கொடுத்து, 35 பெருக்கல் 4 என்று எழுதிப் போடச் சொன்னார்கள். அவன் எழுதிய விடை 200.

இந்த 200 எப்படி வந்தது? இங்கேதான் நான் எப்போதும் சொல்கிற விஷயம் வருகிறது. நாலஞ்சு இருபது. 0 எழுதி 2 கைவசம். அந்த இரண்டை முதலிலேயே மூன்றோடு கூட்டிவிட்டான், ஐந்து ஆனது. ஐந்நாலு இருபது. எழுதினான், 200. பாருங்கள், பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு படியும் அதில் இருக்கிறது. ஒரு படி மட்டும் முன்னே பின்னே மாறிவிட்டது. இதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால் நமக்குத் தெரிவது "தப்பு" என்ற ஒன்றுதான். அடிக்காமல் "எப்படி எடுத்தாய் மக்களே?" என்று கேட்டால், எந்தப் படியில் வழி மாறியது என்று தெரிகிறது. தப்பான விடையை அழிக்காதீர்கள் என்று இந்தச் சேனலில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். இன்னும் சொல்வேன்.

கடைத்தெருவில் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்னார்கள். வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்குச் சுமார் 37தான் சரி. டீச்சர், அந்த ஆய்வில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் தெரியுமா? ஐந்து. ஐந்தே ஐந்து பிள்ளைகள். உங்கள் அறையில் மழை நாளில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

இது ஏன் என் மனதில் இப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். நம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி. பாட்டி மீன் விற்பார். சனிக்கிழமைகளில் இவளும் பக்கத்தில் உட்காருவாள். பலகையில் 100-இல் இருந்து 35-ஐக் கழிக்கச் சொன்னேன். 135 என்று எழுதினாள். நூறிலிருந்து கழித்தால் நூற்று முப்பத்தைந்தா என்று சத்தம் போட்டுவிட்டேன். அழித்துவிட்டு நானே 65 என்று எழுதினேன். வகுப்பு சிரித்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நானே அவர்களிடம் சாளை மீன் வாங்கப் போனேன். ஒரு கூறு 35 ரூபாய். நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். பாட்டி வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஒரு ஐந்து ரூபாயை என் கையில் வைத்து "நாப்பது" என்றாள். பத்து ரூபாய் வைத்து "அம்பது". ஐம்பது ரூபாய்த் தாளை வைத்து "நூறு". மீன் செதில் ஒட்டிய கை. என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திங்கட்கிழமை அந்தக் கணக்கைத் திரும்பப் பலகையில் எழுதி, "அன்றைக்கு எப்படி எடுத்தாய்?" என்று கேட்டேன். "அஞ்சில பூஜ்ஜியம் போனா அஞ்சு, மூணுல பூஜ்ஜியம் போனா மூணு, ஒண்ணு அப்படியே" என்றாள். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாங்கள்தான் இரண்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தோம். அதை அவள் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் செய்திருக்கிறாள். பிரவுன், பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே பிள்ளைகளின் கணக்குத் தவறுகளுக்குள் இப்படி ஒழுங்கு இருப்பதை எழுதியிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று நாம் ஒதுக்குவதில் பெரும்பகுதி, பிள்ளை விடாமல் பின்பற்றுகிற ஒரு விதி. எனக்கு யாராவது அதைப் பயிற்சிக் காலத்தில் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையை நான் அழவைத்திருக்க மாட்டேன்.

ஆக, வெளியூர் ஆராய்ச்சி உதவுமா என்றால், இப்படித்தான் உதவும். ரெசிஃபேயில் கிடைத்தது நமக்கு விடை இல்லை. என்ன கேட்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பதை அது காட்டித்தருகிறது. விடையை உங்கள் வகுப்பில்தான் எடுக்க வேண்டும்.

ரெசிஃபேயில் பார்த்ததும் முழுக் கதை இல்லை என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 2025-இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் இருக்கிற ஒரு குழு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்கிற 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பார்த்து வெளியிட்டது. சந்தைக் கணக்கில் கெட்டி, பாடப்புத்தகக் கணக்கில் தடுமாற்றம். 40 வருடம் கழித்தும், இத்தனை பேரிடம் பார்த்தும், கதை அதேதான். ஆனால் அவர்கள் மறுபக்கமும் பார்த்தார்கள். சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் புத்தகக் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். அதனால் வகுப்பில் கடை வைத்து விளையாடினால் போதும் என்று அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிட முடியாது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பாலம் வேண்டும். நான் அந்தச் சிறுமிக்கு ஒரு கோடு வரைந்து, 35, 40, 50, 100 என்று அவள் கை செய்ததையே கோட்டில் குறித்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள். ஆனால் 403-இல் இருந்து 128-ஐக் கழிக்கக் கொடுத்ததும் பழைய விதிக்கே திரும்பிப் போனாள். அந்தப் பாலத்தை எந்த இடத்தில் எப்படிக் கட்டுவது என்று தினமும் பிள்ளைகளோடு இருக்கிற நீங்கள்தான் செய்து பார்க்க முடியும். செயலாய்வு என்பது அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆராய்ச்சி எப்போதும் அங்கிருந்து இங்கே மட்டும் வந்ததில்லை, இங்கிருந்து அங்கேயும் போயிருக்கிறது. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்பவர் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு பள்ளிக்குப் பொறுப்பேற்றார். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளி ஆசிரியரிடம் அப்படிச் செய்யச் சொன்னார். நடக்காது என்றார் ஆசிரியர். அதனால் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார். அவன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையேதான். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார், 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஆனால் அங்கே போய், நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து ஒப்பிக்கவைக்கிற ஏற்பாடாக மாறிப்போனது. முறை கப்பலேறியது, மணலில் எழுதிய பிள்ளையைக் கவனித்த கண் அதோடு போகவில்லை. இப்போது நம் பயிற்சிகளில் நடப்பதும் பல நேரம் இதுதான், திசை மட்டும் வேறு.

பாடம் நடத்தவா, ஆராய்ச்சி செய்யவா என்று கேட்டீர்கள். ஐம்பது பக்கத்துக்கு முன்னுரை, நோக்கம், கருதுகோள், பின்னிணைப்பு என்று கட்டிக் கொடுப்பதுதான் செயலாய்வு என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஆசிரியர் தன் வகுப்பைத் தானே ஆராய வேண்டும் என்று 1953-இல் ஸ்டீபன் கோரி என்ற பேராசிரியர் புத்தகமே எழுதினார். அவர் கேட்டது ஆசிரியருக்கு வகுப்பில் உதவுகிற ஆய்வு, அவ்வளவுதான். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. தேதி, கணக்கு, பிள்ளை எழுதிய தப்பான விடை, எப்படி எடுத்தாய் என்று கேட்டதற்கு அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தை. அதன் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பது இதற்கு வசதியும்கூட. மூன்றாம் வகுப்பில் முளைக்கிற தப்பு ஐந்தாம் வகுப்பில் என்னவாகிறது என்று ஒரே நாளில் பார்க்கிற வாய்ப்பு வேறு யாருக்கு இருக்கிறது?

தேரூரில் இருக்கிற நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு இந்த நிறுவனங்கள் மாவட்டம்தோறும் வந்தன. பயிற்சி கொடுப்பதோடு ஆய்வும் அவற்றின் வேலை. நாம் கேட்டுக்கொண்டு மட்டும் வரக்கூடாது, கொடுத்துவிட்டும் வர வேண்டும்.

டீச்சர், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்தில் எதை ஆராயலாம் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பற்றி முன்பே ஒரு வீடியோவில் பேசினேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள், 3 வினாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று 1970-களில் கண்டவர். என்னுடைய ஊகம், நம் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். வீட்டில் மரச்சீனி, புத்தகத்தில் மரவள்ளிக்கிழங்கு. வீட்டில் "எனக்க", புத்தகத்தில் "என்னுடைய". விடை தெரிந்தாலும், புத்தகத் தமிழுக்கு மாற்றிச் சொல்லத்தான் அந்தப் பிள்ளை யோசிக்கிறதோ என்னவோ. வீட்டுப் பேச்சிலேயே பதில் சொல்லலாம் என்று ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். கை தூக்குகிறவர்கள் கூடுகிறார்களா, இல்லையா? எண்ணுங்கள். நான் நினைப்பது தப்பு என்று உங்கள் நோட்டு சொன்னால் அதையும் இங்கே வாசிக்கிறேன்.

கடற்கரை ஊர்களில் இருக்கிறவர்கள், சந்தைப் பக்கம் இருக்கிறவர்கள், திங்கட்கிழமை அந்த ஒரு கணக்கை மட்டும் இரண்டு விதமாகக் கேளுங்கள். முதலில் பலகையில், 100-இல் 35. சாப்பாட்டு மணிக்குப் பிறகு நூறு ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. எழுதியதைப் படம் எடுத்து அனுப்பும்போது பிள்ளையின் பெயரை மறைத்துவிடுங்கள். தப்பான விடையை மறைக்க வேண்டாம்.