சாமான் வந்துவிட்டது, 17 பெட்டி

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் மலை மாதிரித் தெரிகிறதே, அது மொத்தமும் என் சாமான்தான். 17 பெட்டி. சென்னையிலிருந்து கப்பலில் வந்து இன்று காலையில்தான் கொழும்பு வெள்ளவத்தையில் இந்த மூன்றாம் மாடிக்கு ஏறியது. தூக்கி வந்த அண்ணன்மார் இருவருக்கும் பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன், வீட்டில் இருந்த இரண்டே கோப்பையில்.

நான் கொழும்புக்கு வந்து 11 வாரம் ஆகிறது, கையில் இரண்டு சூட்கேஸ். பக்கத்து நாடுதானே, இவ்வளவு நாளா என்று கேட்பீர்கள். கப்பல் ஓடுவது சில நாள்தான், ஆனால் நம் சாமான் ஒரு கன்டெய்னரை நிரப்பாது, அதனால் மற்றவர்கள் சரக்கும் சேரும்வரை அங்கே கிடக்கும், அப்புறம் இங்கே கஸ்டம்ஸ். அனுப்பப் போகிறவர்கள் பெட்டிவாரியாகப் பட்டியல் எழுதுங்கள், "சமையல் சாமான்" என்று பொதுவாக எழுதாமல் குக்கர் 1, தோசைக்கல் 2 என்று எழுதுங்கள், கேள்வி குறையும். வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் அடைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் காசு, கன மீட்டர் கணக்கு. என் பெட்டி ஒன்றில் முழுக்க வெறும் பிளாஸ்டிக் டப்பாக்கள், உள்ளே காற்றுதான், அதற்கும் கட்டியிருக்கிறேன்.

சரி, திறந்த வரைக்கும் சொல்கிறேன். எவர்சில்வர் தட்டு 24. இந்த 11 வாரமும் இரண்டு தட்டில் சாப்பிட்டேன், ஒருநாளும் மூன்றாவது தட்டைத் தேடவில்லை. மிக்ஸிக்கு வோல்டேஜ் பிரச்சினை இல்லை, அங்கும் இங்கும் 230தான், ஆனால் நம் பிளக் உருண்டைப் பின், இந்த வீட்டில் எல்லாம் 13 ஆம்பியர் சதுரப் பின், அடாப்டர் வாங்க வேண்டும். இரும்புப் புத்தக அலமாரியை பால்கனியில் வைக்க நினைத்தேன். பக்கத்து வீட்டு அன்ரி பார்த்துவிட்டு, "கடல் காத்து பிள்ளை, கறள் பிடிச்சிடும்" என்றார். கறள் என்றால் துரு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல்தான், அவர் சொல்வது சரி.

ஆனால் ஒன்றே ஒன்றைக் கண்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாட்டியின் அரிவாள்மனை. கத்தியைப் பிடித்துக்கொண்டு வாழைப்பூவோடு போராடிய ஒவ்வொரு சாயங்காலமும் இதைத்தான் நினைத்தேன். கட்டை தேய்ந்து பாட்டி காலை வைக்கிற இடம் குழிந்திருக்கும், என் காலும் அதிலேயே பொருந்துகிறது. இதை சூட்கேஸில் எடுத்து வந்திருக்கலாமே என்று அழுகையே வந்துவிட்டது. உடைகள், போர்வைகள், மூன்று சுவர்க் கடிகாரங்கள், ஒன்றுகூட இத்தனை நாளில் நினைவுக்கு வரவில்லை, ஊரில் அவற்றை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிக் கட்டியது நான்தான்.

இப்போது அன்ரி வந்து, இரவு விருந்தாளிகள் வருகிறார்கள், எட்டுத் தட்டு கிடைக்குமா என்று கேட்டார். இருபதாக எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம் என்றேன். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எடுத்துப் போனார். இன்னும் ஒன்பது பெட்டி பாக்கி இருக்கிறது, வாழைப்பூவை நறுக்கிவிட்டு வருகிறேன்.