அடைமழையிலும் ஞாயிறு ரைடு: சென்னை மழைக்காலத்தில் சைக்கிளை விடாமல் இருப்பது எப்படி?

(காட்சி: இருட்டு. சன்ஷேடில் மழை விழும் சத்தம். ஃபோன் திரை மட்டும் ஒளிர்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணி. அலாரம் அடிப்பதற்கு முன்பே மழைச் சத்தத்தில் விழிப்பு வந்துவிட்டது. கையை நீட்டி ஃபோனை எடுத்தால், வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் ஐந்து மெசேஜ். "இங்க செம மழை." "நான் வரலை." "அடுத்த வாரம் பாத்துக்கலாம்." போர்வையை இழுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவோம். அடுத்த வாரமும் மழை. அதற்கடுத்த வாரம் வானம் வெளுத்துத்தான் இருக்கும், ஆனால் இரண்டு வாரம் படுத்துப் பழகிய உடம்பு எழுந்திருக்காது. இப்படியே போனால், ஐப்பசியில் நிறுத்திய சைக்கிளைப் பொங்கல் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்போம், டயரில் காற்று இருக்காது, செயின் முழுக்கத் துரு.

வணக்கம். நான் சென்னையில் ஒரு சைக்கிள் கிளப்போடு எட்டு வருடமாக ஓட்டுகிறேன். பந்தயத்துக்கெல்லாம் போனதில்லை. திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புவோம், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், நடுவில் ஒரு டீ. அவ்வளவுதான் எங்கள் ஞாயிறு. இந்த எட்டு வருடத்தில் நான் கண்டது இதுதான்: பிப்ரவரி காலையில் ஓட்டுவதற்கு யாருடைய துணையும் வேண்டாம், வெளியே வந்தாலே கால் தானாகப் பெடல் போடும். கிளப் என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பது அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் தெரியும்.

சரி, முதலில் ஒரு சந்தேகம். ஏன் எப்போது பார்த்தாலும் நாம் கிளம்பும் நேரத்திலேயே மழை பெய்கிறது? மனப்பிரமை கிடையாது, உண்மையிலேயே அப்படித்தான் பெய்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சென்னைக்கு மழை பெரும்பாலும் சாயங்காலமோ இரவிலோ இடியோடு வரும், பகல் வெயிலில் தரை சூடாகி எழும் மேகம் அது. வடகிழக்குப் பருவமழை வேறு மாதிரி. கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும், இரவில் தரை குளிர்ந்ததும் தரையிலிருந்து கடலை நோக்கி லேசான காற்று கிளம்பும், இரண்டும் கரைக்குப் பக்கத்தில் மோதிக்கொள்ளும் இடத்தில் மேகம் திரண்டு, பின்னிரவிலும் விடியற்காலையிலும் கரையோரத்தில் கொட்டும். ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெறும் இந்த ஊரில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான். ஐந்தரை மணிக்குக் கிளம்பும் கிளப்புக்கு இதைவிட மோசமான நேரம் அமையாது. அதனால் நாங்கள் மழைக்காலத்தில் கிளம்பும் நேரத்தை ஏழுக்குத் தள்ளிவிட்டோம். வெயில் இல்லாத மாதம்தானே, ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்றும் ஆகாது. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ஞாயிறுகள் தப்பின.

(காட்சி: ரேடார் படம், கடலின் மேல் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள் கரையை நோக்கி நகர்கின்றன.)

அடுத்தது, போவதா வேண்டாமா என்ற முடிவு. இதை ஒவ்வொருவரும் அவரவர் ஜன்னலைப் பார்த்து எடுக்கக் கூடாது. வேளச்சேரியில் கொட்டும்போது கோவளத்தில் தரை காய்ந்து கிடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். எங்கள் கிளப்பில் மூன்று பேருக்கு இந்தப் பொறுப்பு. ஆறு மணிக்கு வானிலை மையத்தின் சென்னை டாப்ளர் ரேடார் படத்தைத் திறப்பார்கள், ஒரே படத்தைப் பார்க்காமல் கடைசி ஒரு மணி நேரத்துப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பார்கள். மேகத் திட்டு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஆறேகாலுக்கு குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் வரும்: ரோடு, அல்லது பார்க்கிங். ரோடு என்றால் ஈசிஆர். பார்க்கிங் என்றால் என்ன என்று அப்புறம் சொல்கிறேன். "இன்று லீவு" என்ற மெசேஜ் மட்டும் எங்களிடம் கிடையாது. அதற்கு விதிவிலக்கு, ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ள நாட்கள். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட நாளில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டிய நாள் அது.

மழையைவிட நான் பயப்படுவது இடிக்குத்தான். மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட்டு ஒரு கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். சவுக்குத் தோப்பில் ஒதுங்காதீர்கள், பக்கம் திறந்த பஸ் ஸ்டாப்பும் போதாது. ரப்பர் டயர் காப்பாற்றும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் துளியும் உண்மையில்லை. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி சைக்கிளில் ஏற வேண்டும். டீக்கடையில் முப்பது நிமிடம் பேசிக்கொண்டிருக்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, தனியாக மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

(காட்சி: ஈரச் சாலை. டயருக்கு மிக அருகில் கேமரா. வெள்ளைக் கோட்டின் மேல் தண்ணீர் படலம்.)

இப்போது ரோடு. ஈரச் சாலையில் சைக்கிள் வழுக்குவது பெரும்பாலும் தாரினால் இல்லை, தாரின் மேல் இருக்கும் மற்றவற்றால்தான். ஜீப்ரா கோடு, அம்புக்குறி போன்ற தடித்த பெயிண்ட், சாக்கடை மூடி, பாலத்தில் குறுக்கே ஓடும் இரும்பு இணைப்பு, உதிர்ந்த இலை. அதிலும் பல நாள் காய்ந்த பிறகு பெய்யும் முதல் மழை ரொம்ப மோசம், சாலையில் ஊறிக் கிடந்த எண்ணெயும் தூசியும் கரைந்து சோப்பு மாதிரி மேலே வந்துவிடும். நான் ஒரு பாலத்தில் விழுந்தேன். வேகம் இருபதுகூட இருக்காது. முன்னால் ஒருவர் சற்று விலகினார் என்று நானும் ஹேண்டிலை லேசாகத் திருப்பினேன், திருப்பிய அந்தக் கணத்தில் முன் டயர் இரும்பு இணைப்பின் மேல் இருந்தது, அடுத்த கணம் என் முழங்கை தரையில் இருந்தது. தோல் உரிந்ததோடு போயிற்று, பின்னால் வந்தவர் இடைவெளி விட்டு வந்ததால். அன்றிலிருந்து இரும்பையோ பெயிண்டையோ கடக்கும்போது மூன்றை மட்டும் மனசில் சொல்லிக்கொள்வேன்: நேராகப் போ, பிரேக் தொடாதே, பெடலை மிதிக்காதே. சக்கரம் நேராக உருண்டு கடந்தால் ஒன்றும் ஆகாது.

பிரேக்கைப் பற்றி. ரிம் பிரேக், அதாவது சக்கர விளிம்பைக் கட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் மழை நேரத்தில் பிரேக் பிடித்ததும் முதலில் கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரைத்தான் துடைக்கும், அதன் பிறகுதான் பிடிக்கும். ஆகவே, நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைக் காயவையுங்கள். அலுமினிய ரிம் ஓரளவு கேட்கும். அப்பா காலத்து மின்னும் இரும்பு ரிம் சைக்கிள் மழையில் ஏறக்குறைய நிற்கவே நிற்காது, தெரு இறக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். டிஸ்க் பிரேக் என்றால் இந்தக் கவலை குறைவு. ஆனாலும் பிரேக் நல்லதாக இருந்து பயனில்லை, கடைசியில் சாலையைப் பிடிப்பது டயர்தான். டயரில் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிடப் பத்து பிஎஸ்ஐ (பம்ப் மீட்டரில் காட்டும் அளவு) குறைத்துக்கொள்ளுங்கள், தரையைத் தொடும் பரப்பு கூடும். டயரில் பட்டன் இல்லை, வழவழப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கார் டயர் மாதிரி தண்ணீரின் மேல் மிதந்து வழுக்குவது சைக்கிளின் ஒல்லி டயருக்கு நடப்பதில்லை.

தேங்கிய தண்ணீருக்குள் விடாதீர்கள். எவ்வளவு தெரிந்த தெருவாக இருந்தாலும் சரி. மழைநீர் வடிகால் மூடியை யாராவது தண்ணீர் இறங்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் தூக்கி வைத்திருப்பார்கள், மேலிருந்து பார்த்தால் கலங்கல் தண்ணீர் மட்டும்தான் தெரியும். அறுந்து விழுந்த மின்கம்பி இருந்தாலும் தெரியாது. போதாததற்கு எலிக்காய்ச்சல் கிருமி இந்தத் தண்ணீரில்தான் இருக்கும், காலில் சின்ன வெட்டு இருந்தாலே அதற்கு வழி. எப்படியோ இறங்க நேர்ந்துவிட்டால், வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள், பிறகு காய்ச்சல் வந்தால் தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

மழையில் பஞ்சரும் கூடும். ஓரத்தில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைத் தண்ணீர் நடு ரோட்டுக்கு அடித்து வரும், ஈர ரப்பரில் கண்ணாடி சுலபமாக இறங்கும். ஒரு டியூபுக்குப் பதில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உடை? போன்ச்சோ மாதிரித் தொங்கும் மழைக்கோட்டு வேண்டவே வேண்டாம், பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் ஆபத்து. சென்னை மழை குளிரால் கொல்லாது, நனைந்தால் நனையலாம். ஹெல்மெட்டுக்கு அடியில் முன்விளிம்பு வைத்த மெல்லிய துணித் தொப்பி போட்டால் கண்ணில் தண்ணீர் விழாது, எனக்கு மழைக்கோட்டைவிட அது உதவுகிறது. நனைந்த ஷார்ட்ஸ் தொடையிடுக்கை உரசிப் புண்ணாக்கும், கிளம்பும் முன் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். பகலாக இருந்தாலும் பின் விளக்கு எரிய வேண்டும். மழையில் லாரிக்காரரின் கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும், நாம் ஒரு சாம்பல் நிழல்தான் அவருக்கு.

(காட்சி: ஒற்றை வரிசையில் பன்னிரண்டு சைக்கிள்கள். கடைசி ஆளின் சிவப்பு விளக்கு மினுங்குகிறது.)

குழுவாகப் போகும்போது இன்னும் இரண்டு வழக்கங்கள். காய்ந்த சாலையில் முன்னவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று குறையும், மிதிப்பது சுலபம். ஈரத்தில் அந்த ஆசையை விட்டுவிட்டு மூன்று சைக்கிள் நீளமாவது இடைவெளி விட வேண்டும், பின் சக்கரத்துக்கு மட்கார்டு போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருபவரின் வாயில்தான் சேறு. மற்ற நாளில் கைகாட்டிச் சொல்லும் குழியை மழையில் வாயால் சொல்லுங்கள், "குழி! இடது!" என்று சத்தமாக. இரண்டு கையும் பிரேக்கில் இருக்கட்டும். முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, யாரையும் விட்டுவிட்டு வரவும் கூடாது.

சரி, பார்க்கிங். எங்களில் ஒருவரின் அபார்ட்மெண்ட்டில் தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடம், மேலே கூரை இருக்கிறது, மூன்று பக்கம் திறப்பு. அசோசியேஷனிடம் கேட்டு ஞாயிறு காலை ஒரு மூலையை வாங்கிக்கொண்டோம். பின் சக்கரத்தை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னர் நான்கு, முறை வைத்து ஓட்டுவோம். பத்து நிமிடம் மெதுவாக, பிறகு மூன்று நிமிடம் பேச முடியாத அளவு வேகம், மூன்று நிமிடம் நிதானம், இப்படி ஐந்து சுற்று, கடைசியில் பத்து நிமிடம் ஆறவிடுவது. ஐம்பது நிமிடம் போதும். காத்திருப்பவர்கள் மூன்று மாடிப் படி ஏறுவார்கள், இறங்கும்போது மெதுவாக, முழங்காலுக்காக. ஸ்குவாட் போடுவார்கள். டிரெய்னருக்கு முன்னால் பெரிய ஃபேன் கட்டாயம் வேண்டும், ரோட்டில் எதிர்க்காற்று ஆற்றும் சூட்டை இங்கே ஆற்ற ஆளில்லை, ஐந்து நிமிடத்தில் வியர்வை கொட்டும். ஹேண்டில் மேல் துண்டு போடுங்கள், உப்பு வியர்வை இறங்கினால் போல்ட் துருப்பிடிக்கும்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு என்று கேட்டால், உடம்பு அவ்வளவு சீக்கிரம் இழக்கிறது. மிதிப்பதை முழுக்க நிறுத்தினால் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் திரவப் பகுதி குறைய ஆரம்பிக்கும், இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் ரத்தம் குறையும், அதே வேகத்துக்கு அதிகம் துடிக்க வேண்டிவரும். நல்ல செய்தி என்னவென்றால், தூரத்தையும் நாட்களையும் குறைத்தாலும் வாரத்தில் ஒன்றிரண்டு முறை மூச்சு வாங்கும் அளவுக்கு மிதித்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு. ஒரு பார்க்கிங் ஞாயிறும் வாரநாளில் நான்கு முறை அரை மணி வேக நடையும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும்.

(காட்சி: தலைகீழாக நிற்கும் சைக்கிள், பழைய பனியன் துணி, சின்ன எண்ணெய் புட்டி.)

கடைசியாக, நனைந்து வந்த சைக்கிள். ஈசிஆர் கடல்காற்றில் உப்பு வேறு, இரவு வரை விட்டால் காலையில் செயின் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள், சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பை சக்கர அச்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போய்விடும். பிரேக் கட்டையில் பதிந்த மணலை ஊக்கால் குத்தி எடுங்கள். சீட்டை உருவி, சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள், சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் வடியட்டும். பனியன் துணியால் செயினைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, மழைக்கான கெட்டி எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலை இருபது சுற்றுப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, வெளியே நிற்கும் எண்ணெயை மறுபடி துடைத்துவிடுங்கள். உள்ளே போனது போதும், வெளியே இருப்பது மண்ணைத்தான் இழுக்கும்.