கீழே கல், மேலே மரம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்றொரு கிராமம், அங்கே ஜார்ஜ் இன் என்ற பழைய பயணியர் விடுதி. ஒரு காலத்தில் அது பக்கத்து ஹின்டன் மடத்துக் கார்த்தூசியர் என்ற கிறிஸ்தவத் துறவிகளுக்குச் சொந்தம். துறவிகளுக்கு எதற்கு விடுதி? ஆட்டு ரோமம்தான் காரணம். ரோமமும் துணியும் விற்கும் சந்தை அந்த ஊரில் கூடும். வருகிற வியாபாரி தங்கவும் வேண்டும், சரக்கை வைக்கவும் வேண்டும். 1668இல் நாட்குறிப்பால் பேர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் இந்த ஊரில் சாப்பிட்டுப் போனதையும், 1685இல் அரசரை எதிர்த்துக் கிளம்பிய மன்மத் கோமகனின் கலகப்படை இங்கே வந்து தங்கியதையும் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எனக்குப் பிடித்தது அதன் முகப்பு.

கீழ்த்தளம் கல். அதன் மேல் இரண்டு தளம் மரச்சட்டம், ஒவ்வொன்றும் கீழே உள்ளதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இடம் பிடிக்கத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதுவும் உண்டு, அப்புறம் இன்னொன்றும் உண்டு: தளத்தைத் தாங்கும் கட்டைகளைச் சுவரோடு நிறுத்தாமல் வெளியே நீட்டி, அந்த நுனியில் மேல்சுவரை ஏற்றிவிட்டால், வெளியே சுவர் அழுத்த அழுத்த, அறையின் நடுவில் தளம் தொய்வது குறையும். என்ன அருமையான கணக்கு!

அந்தக் காலத்துத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்தார்கள். தச்சுக்களத்தில் சட்டத்தைப் பொருத்திப் பார்த்து, இணைப்புக்கு இணைப்பு ரோமன் எண்ணைக் கீறி, பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மறுபடி நிறுத்துவார்கள். இரும்பு ஆணி இல்லை, மர ஆணிதான். மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், பழைய வீடுகள் கோணலாக நிற்பதற்கு அது ஒரு காரணம். சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு.

சரி, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும், ஐந்நூறு வருஷம் நின்ற ஓக் சில பத்து வருஷங்களில் மக்கிப்போகும். மக்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புது ஓக்கில் துண்டு செதுக்கிச் சேர்க்கிற தச்சர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே கை வைத்துப் பாருங்கள், பழசும் புதுசும் சேருகிற கோடு விரலில் தட்டுப்படும்.