அந்த ஒரு வகுப்பு போதாது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு, அதாவது மாத்திரையோ கருவியோ இல்லாமல் கருத்தரிக்கும் நாள்களில் சேராமல் இருக்கும் வழிக்கு, ஒரு வகுப்பு இருக்கிறது, இதற்கு மேல் கத்தோலிக்கத் திருச்சபை என்ன செய்யணும் என்று கேட்டார். அந்த ஒரு வகுப்பைத்தான் நான் குறை சொல்கிறேன்.

கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிற நேரத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மாதவிடாய் பற்றி அத்தனை பேர் முன்னால் எந்தப் பெண் வாய் திறந்து சந்தேகம் கேட்பாள்? போர்டில் நாள்களை எண்ணிக் காட்டுவதோடு வகுப்பு முடிந்துவிடும்.

இயற்கை வழிகளில் ஒன்றான பில்லிங்ஸ் முறை நாள் எண்ணுகிற கணக்கே கிடையாது. மெல்பர்னில் ஜான் பில்லிங்ஸும் அவர் மனைவி ஈவ்லினும், இருவரும் மருத்துவர்கள், 1950-களில் தொடங்கி உருவாக்கியது அது. பிறப்புறுப்பு வறண்டிருக்கிறதா, கசிவு இருக்கிறதா, அது கருத்தரிக்கும் நாள்களின் அடையாளமாக முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று நீள்கிறதா என்று பகல் முழுக்கக் கவனித்து, ராத்திரி அட்டவணையில் குறிக்க வேண்டும். அந்த அட்டவணையைப் பார்த்துத் திருத்திச் சொல்ல, சில மாதங்களாவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதங்களில் அடையாளங்களே குழம்பிப்போகும், அப்போது அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

பெண்களுக்கு இது புரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து இடங்களில் நடத்தி 1981-ல் வெளியிட்ட ஆய்வில், முறையாகச் சொல்லிக்கொடுத்ததும் 93 சதவீதப் பெண்கள் முதல் மாதவிடாய்ச் சுழற்சியிலேயே அந்த அடையாளத்தைக் கண்டுகொண்டார்கள், அதில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. அப்படியும் அந்த ஆய்வில் கர்ப்பம் தரித்தவர்கள் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அது, கருத்தரிக்கும் நாள் என்று தெரிந்தும் சேர்ந்ததால் நடந்தது. அப்படியென்றால் புருஷனையும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டாமா? அட்டவணை மனைவி கையில், அவசரம் கணவன் கையில் என்றால் எந்த முறை நிற்கும்?

1968-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலில் கருத்தடை கூடாது, தக்க காரணம் இருந்தால் இயற்கையாகவே கருத்தரிக்காத நாள்களைப் பயன்படுத்தலாம் என்றார். கூடாது என்பது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. எப்படி என்பதைச் சொல்லித்தர ஆள் இல்லை. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. நம் பங்கு மக்கள், நம் கோயிலைச் சேர்ந்தவர்கள், அதில் இல்லை என்று இந்த மேடையில் யாராவது சொல்வீர்களா? வேறு வழி கற்றுத்தராமல், ஆபரேஷன் செய்தவளை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் அழவைப்பது என்ன நியாயம்?

பங்குக்கு ஒரு தம்பதியைப் பயிற்சி கொடுத்து வையுங்கள், புதுத் தம்பதியின் வீட்டுக்கு முதல் வருடம் முழுக்க அவர்கள் போய்வரட்டும். அதுவரை இந்தக் கல்வி நடக்கிறது என்று தீர்ப்பு எழுதாதீர்கள், நடுவர் அவர்களே.