வீட்டில் இருந்த இசைத்தட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். இன்று லோஸ் லோபோஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் கதை.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. மெக்ஸிகோவைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிற பள்ளி. அங்கே ஓவிய வகுப்பில் சிநேகிதர்களானவர்கள் டேவிட் ஹிடால்கோவும் லூயி பெரெஸும். இருவருக்கும் பாட்டென்றால் உயிர். சீசர் ரோசாஸ், கான்ராட் லோசானோ இருவரும் அதே வட்டாரத்துப் பையன்கள்தான். ஆளுக்கொரு ராக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அம்மா கேட்ட மெக்ஸிகோ நாட்டுப்புறப் பாட்டெல்லாம் அந்த வயதில் அவர்கள் காதில் ஏறவில்லை. பழைய காலத்து விஷயம் என்று ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1968 மார்ச்சில் அந்தப் பகுதிப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறி, ஒழுங்கான கல்வி கேட்டுத் தெருவில் நின்றார்கள். நாம் யார் என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்த காலம் அது.

1973இல் நண்பர்கள் ஒன்றுகூடி, வீட்டில் இருந்த பழைய இசைத்தட்டுகளைப் போட்டு வாசிக்கப் பார்த்தார்கள். கை வரவில்லை! எளிமையான பாட்டு என்று நினைத்தது அத்தனை நுணுக்கமாக இருந்தது. மெக்ஸிகோவின் வேராக்ரூஸ் கடற்கரைப் பக்கத்து இசையில் ஹரானா என்ற சின்ன நரம்பு வாத்தியம் தாளத்தை விடாமல் வீசிக்கொண்டே இருக்கும். ரெக்கிந்தோ என்ற இன்னொரு சின்ன நரம்பு வாத்தியம் அதன் மேல் ஸ்வரங்களை உதிர்க்கும். மரியாச்சி எனப்படும் மெக்ஸிகோ மரபிசைக் குழுக்களில் வரும் கித்தர்ரோன் பெரிய வயிறுள்ள வாத்தியம். இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்தால்தான் கனத்த நாதம் பிறக்கும். மின் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, ஆரம்பப் பாடம் படிக்கிற பிள்ளைகளைப் போல இதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பணிவுதான் என்னை அவர்களிடம் இழுத்தது.

குழுவுக்கு லோஸ் லோபோஸ், அதாவது ஓநாய்கள், என்று பெயர். வருஷக்கணக்காகக் கல்யாண வீடுகளிலும் உணவகங்களிலும் வாசித்தார்கள். அவர்கள் வளர்ந்த இடம் அந்தக் கல்யாணப் பந்தி என்றே நான் சொல்வேன். பாட்டி கேட்கிற பாட்டும் பேரன் ஆடுகிற பாட்டும் ஒரே ராத்திரியில் வாசித்தாக வேண்டுமே! 1980இல் பங்க் ராக் என்ற முரட்டு வேக இசை நிகழ்ச்சி ஒன்றில் இந்த வாத்தியங்களோடு மேடையேறியபோது கூட்டம் கண்டதையும் எடுத்து வீசியது. அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. மின் கிதாரை மறுபடி எடுத்தார்கள். நாட்டுப்புற இசையையும் கைவிடவில்லை.

1987இல் 'லா பம்பா' வந்தது. வேராக்ரூஸின் பழைய நாட்டுப்பாடல். மெக்ஸிகோ வம்சாவளியில் வந்த ரிச்சி வாலன்ஸ் 1958இல், பதினேழு வயதில், அதை ராக் பாட்டாக்கிப் பதிவு செய்தார். சில மாதங்களில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார், பாவம். அவரைப் பற்றிய திரைப்படத்துக்காக இவர்கள் அதைத் திரும்பப் பாட, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம்.

அந்த வெற்றியை அப்படியே நகலெடுத்துப் பணம் பண்ணியிருக்கலாம். அடுத்த ஆண்டே முழுக்க முழுக்க நாட்டுப்புற மரபில் ஓர் ஆல்பம் போட்டார்கள். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.

இப்போது நிலையத்தார் 'லா பம்பா'வை ஒலிபரப்பப் போகிறார்கள். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். கடைசியில் டிரம்ஸ் அடங்கும், மின் கிதார் ஒதுங்கும். ஹரானா மேலெழும்பி வரும்.